கடைசியாக நன்றாக இருந்த நேரம்

கோயம்புத்தூர்
12 ஆகஸ்ட் 2024

அண்ணிக்கு,

போனில் பேசினால் நீங்கள் அழுகிறீர்கள், நான் கத்துகிறேன். இரண்டு பேருமே ஒரு பேச்சையும் முழுதாகப் பேசி முடிப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதத்தை, நான் பத்துத் தடவை கேட்ட பிறகு, போன வாரம்தான் போட்டோ எடுத்து அனுப்பினீர்கள். ஏன் இத்தனை நாள் அனுப்பவில்லை என்று இப்போது புரிகிறது. அறிகுறிகள் தொடங்கியது நேற்று, அதாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதற்கு முந்தைய நாள், என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆஸ்பத்திரியில் பக்கவாத ஆராய்ச்சி நடக்கிறது, அதில் நான் நர்ஸ். நேரம் தவறி வருகிறவர்களில் யாருக்காவது இன்னும் சிகிச்சை பலன் தருமா என்று ஸ்கேன் பார்த்துக் கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. ஆம்புலன்ஸ் கதவு திறந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" மூளைக்குப் போகிற குழாயை ரத்தக்கட்டி அடைத்துவிட்டால், நாலரை மணி நேரத்துக்குள் அதைக் கரைக்கிற ஊசியைப் போடலாம். அதைத் தாண்டினால் அந்த ஊசியாலேயே மூளையில் ரத்தம் கசியலாம் என்று பயந்து போடமாட்டார்கள். அண்ணனுக்கும் போடவில்லை. ஏனென்றால் நீங்கள் அவரை மறுநாள் கொண்டுபோயிருக்கிறீர்கள்.

முந்தைய நாள் நீங்கள் கசார்வாடியில் இருந்தீர்கள். மேரி வீட்டு நிச்சயதார்த்தம். படமெல்லாம் பார்த்தேன், பச்சைப் புடவையில் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அண்ணன் வீட்டில் தனியாக. அவர் விழுந்து கிடந்தாரா, அண்ணி? நீங்கள் வந்து பார்த்துவிட்டு, படுத்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டீர்களா? இதைக் கேட்காமல் என்னால் சோறு இறக்க முடியவில்லை.

கணபதி விசர்ஜனம் முடிந்து கூட்டம் குறைந்ததும் புனேவுக்கு வருகிறேன். அண்ணனை இங்கே அழைத்துக்கொண்டு வந்துவிடப் போகிறேன். நீங்கள் கூட வர வேண்டாம்.

வனஜா


கோர்படி, புனே
19 ஆகஸ்ட் 2024

வனஜா,

தபால்காரர் கொடுத்ததும் கதவடியிலேயே நின்று படித்தேன். பக்கத்து வீட்டு ஷபானா என் முகத்தைப் பார்த்துவிட்டு யாராவது செத்துட்டாங்களா என்று கேட்டாள். என்னைத்தான் கொன்றிருக்கிறாள் என் நாத்தனார் என்றேன்.

நல்லா இருக்கிறதம்மா உன் நியாயம்! நாக்கு கூசாமல் எழுதியிருக்கிறாய். கசார்வாடிக்குப் போனேன்தான். மேரி எனக்கு இருபது வருடச் சிநேகிதி. நான் சிரிக்கக்கூடாதா? பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிட்டேன். டப்பாவில் மேரி கொடுத்தனுப்பிய பிரியாணியை உன் அண்ணன் உட்கார்ந்து சாப்பிட்டார். "அவங்க வீட்டுல உப்பு விலை ஏறிடுச்சா"ன்னு கிண்டல் செய்தார். ஷபானா புருஷனோடு வாசலில் நின்று மராத்தியில் ஏதோ ஜோக் சொல்லி அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். விழுந்து கிடந்த மனுஷன் இப்படியா இருப்பார்?

மறுநாள் காலையில்தான் வந்தது. பால் வாங்கி வந்தார், பேப்பர் படித்தார், இரண்டாவது டீ கேட்டார். டம்ளரைக் கையில் கொடுத்தேன், நழுவியது. "என்னங்க"ன்னு திரும்பிப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. எழுந்து நிற்கப் பார்த்தார், வலது பக்கம் அப்படியே மடங்கியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஷபானாதான் ஓடிப்போய் ரிக்ஷா பிடித்தாள். ரயில்வே கேட்டில் வந்து மாட்டினோம். சரக்கு வண்டி ஒன்று போகிறது, போகிறது, முடியவே இல்லை. ரிக்ஷாவில் இருந்து இறங்கி, கேட்காரனைப் பார்த்துக் கத்தினேன். அவன் என்ன செய்வான்?

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், என்னைக் கேஸ் பேப்பர் போட கவுண்டருக்கு அனுப்பினார்கள். ஷபானாவை வாட்ச்மேன் வெளியிலேயே நிறுத்திவிட்டான். நான் திரும்பி வந்தபோது ஒரு டாக்டர் பெண் வந்து, "டைம் நிகல் கயா, மௌசி" என்றாள். நேரம் போய்விட்டது, சித்தி என்று. நான் தலையாட்டினேன். அந்தக் கேட்டினால்தான் நேரம் போச்சு என்று இன்றைக்கு வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் கேட்காரனைத் திட்டிவிட்டுத்தான் போகிறேன்.

நேற்று என்று யார் எழுதினார்களோ எனக்குத் தெரியாது. இங்கிலீஷ் காகிதம், நீ சொல்லித்தான் அதில் அப்படி இருப்பதே தெரிகிறது.

அழைத்துக்கொண்டு போகிறாளாம்! அவர் உனக்கு அண்ணன், சரி. எனக்கு என்ன பிள்ளையா குட்டியா? இருப்பது அவர் ஒருத்தர்தான். வா. வந்து காபி குடித்துவிட்டுப் போ. அவரைத் தொட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

சரசா


கோயம்புத்தூர்
26 ஆகஸ்ட் 2024

அண்ணி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நம்ப வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தக் காகிதத்தில் இன்னொரு வரி இருக்கிறது. போன தடவை அதை எழுதவில்லை, உங்களைக் குத்த வேண்டாம் என்றுதான். தகவல் சொன்னவர் நோயாளியே என்று போட்டிருக்கிறது. நேற்று என்று சொன்னது அண்ணன். அவரே தன் வாயால் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் உங்களைப் பற்றி எங்களிடம் ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்லை. நீங்கள் செய்த தவறைக்கூடத் தன் தவறு என்று சொல்கிற ஆள். அவர் எதற்காகப் பொய் சொல்லப்போகிறார்? குடும்பத்து ஆட்கள் நேரத்தைக் குறைத்துச் சொல்வதை நான் தினமும் பார்க்கிறேன். பயம்தான் காரணம், கெட்டவர்கள் இல்லை. "இப்பத்தாங்க, ஒரு மணி நேரம் முன்னாடி" என்பார்கள். நோண்டிக் கேட்டால் முதல் நாள் சாயந்திரமே கை மரத்துப்போயிருக்கும். அதனால் நோயாளி ஒரு வார்த்தை பேசினாலும் நாங்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வோம். அந்த டாக்டரும் அதைத்தான் செய்திருக்கிறார். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் எல்லோரும் அண்ணனைப் பற்றிக் கேட்டார்கள். நான் மறைக்கவில்லை. காகிதத்தில் இருப்பதைச் சொன்னேன்.

செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். அவருடைய துணிமணிகளையும் மாத்திரைகளையும் எடுத்து வையுங்கள்.

வனஜா


கோர்படி, புனே
2 செப்டம்பர் 2024

வனஜா,

கல்யாண வீட்டில் சொல்லிவிட்டாயா? சந்தோஷம். பந்தியில் எத்தனை பேர் இருந்தார்கள்?

நீ எழுதியதை அவரிடமே கேட்டேன். "நான் உங்களை ஒரு நாள் பூரா போட்டு வெச்சிருந்தேனா?" தலையாட்டினார். "இல்லைதானே?" அதற்கும் தலையாட்டினார். சோறு வேணுமா என்றாலும் அதே ஆட்டல், மழை பெய்யுதா என்றாலும் அதே ஆட்டல். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எதற்கு அழுகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உண்மையைச் சொல்கிறேன், எனக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. முதல் நாள் பிரியாணி சாப்பிட்டபோது கையிலிருந்து சோறு சிந்தியதா? செருப்பை இழுத்து நடந்தாரா? அவருக்கு மட்டும் ஏதோ தெரிந்து, என்னிடம் சொல்லாமல் டாக்டரிடம் சொன்னாரா? கண்ணை மூடினால் அந்த சாயங்காலத்தை உருட்டி உருட்டிப் பார்க்கிறேன். நீ என்னைப் பைத்தியம் ஆக்கிவிட்டாய்.

இங்கே பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் அழைத்துப் போகிறேன். அந்தப் பெண் காவ்யா தங்கமான பெண், பொறுமைசாலி. படம் படமாகக் காட்டி, ஹே காய் ஆஹே, இது என்ன என்று மராத்தியில் கேட்கிறாள். வாழைப்பழம், ஸ்பூன், கடிகாரம். ஊரையே சிரிக்க வைக்கிற மராத்தி பேசின மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு படத்துக்கும் சைபர் போடுகிறாள். எனக்கு அந்த அறைக்குள் இருக்கவே முடியவில்லை.

பதினொன்றாம் தேதி மூன்று மாதச் சோதனை. அவர்களும் உன்னைப் போல ஏதோ ஆராய்ச்சி நடத்துகிறார்கள். தாமதமாக வந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, ஏன் தாமதம், இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பார்களாம். நேற்று என்று எழுதியது யார் என்று அங்கேயே கேட்கிறேன். அதுவரைக்கும் எனக்கு எழுதாதே.

சரசா


கோர்படி, புனே
12 செப்டம்பர் 2024

வனஜா,

எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. எழுத்து கோணலாக இருக்கும், பார்த்துப் படி.

நேற்று போனோம். அறையில் இருந்தது அதே டாக்டர் பெண், அன்றைக்கு நேரம் போய்விட்டது என்று சொன்னவள். தீப்தி என்று பெயர். ஆராய்ச்சிக்குக் கேள்வி கேட்பதும் அவள்தான். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, ஏன் அடுத்த நாள் கொண்டுவந்தீர்கள் என்று ஹிந்தியில் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்த அடுத்த நாள்? அன்னிக்கே கொண்டுவந்தேன். கேட் மூடியிருந்துச்சு, அதுதான் லேட்டு" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கத்தினேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்து, "மௌசி, கேட் ஒரு நாள் முழுக்க மூடியிருக்காது" என்றாள். திட்டமாட்டாளாம், மறைக்க வேண்டாமாம், நிறைய குடும்பங்களில் இப்படித்தானாம். உன் கடிதத்தையே அவள் வாயால் கேட்டேன்.

பிறகு அவரைக் காட்டிச் சொன்னாள்: "காகாவே சொன்னார். ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போது நான்தான் கேட்டேன். அவருக்கு மராத்தி நன்றாக வரும் என்று உங்களோடு வந்து வெளியே நின்ற அம்மா சொல்லியிருந்தார். கதீபாசூன், எப்போதிலிருந்து என்று கேட்டேன். தெளிவாகச் சொன்னார்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். பாவி மனுஷா, என்ன சொன்னே என்று கேட்கத்தான் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து சக்கர நாற்காலியில் அவருடைய வலது பாதம் பலகையிலிருந்து வழுக்கி அடியில் மடங்கிவிட்டது. இடது கையால் தொடையைத் தட்டிக்கொண்டு, "கால்... கால்..." என்றார்.

நான் குனிந்து காலைத் தூக்கி வைக்கிறேன். அதே நேரத்தில் தீப்தி எழுந்து அவர் பக்கத்தில் வந்து, "காலா? கால் காய் ஜாலா, காகா?" என்கிறாள். நேற்றா, நேற்று என்ன ஆச்சு என்று.

அவர் பாதம் என் கையில் இருக்கிறது, வனஜா. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மராத்தியில் கால் என்றால் நேற்று. முப்பது வருடமாக இந்த ஊரில் காய் வாங்குகிறேன், "கால்சி பாஜி வேண்டாம், இன்றைக்கு வந்ததைக் கொடு" என்று தினமும் சண்டை போடுகிறேன். வீட்டுக்கு வந்து கால் வலிக்கிறது என்று உட்காருகிறேன். இரண்டு காலும் என் வாயில்தான் இருந்தன. ஒரு தடவைகூட ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டதில்லை.

"தமிள் மே கால் மத்லப் பாய்!" என்று, தமிழில் கால் என்றால் பாதம் என்று, கத்தினேன். அவர் காலை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினேன். "இதுதான் கால்! இதுதான்!" வெளியே இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. "மைனே தீன் பார் பூச்சா, மௌசி" என்றாள். மூன்று தடவை கேட்டாளாம். மூன்று தடவையும் அவர் அதையே சொன்னாராம், சந்தேகமே வரவில்லையாம். வராது. மூணு தடவையும் அவர் காலைத்தானேம்மா சொன்னார்! கால் போச்சு, கால் போச்சு என்று அவருக்கு மிச்சம் இருந்த ஒரே வார்த்தையை வைத்துக் கூப்பிட்டிருக்கிறார். அறையவேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள், என்ன செய்ய? எங்களுக்குப் பெண் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும்.

பெரிய டாக்டரை அவளே போய்க் கூட்டி வந்தாள், நடந்ததை அவளே சொன்னாள். காகிதத்தைத் திருத்துவார்களாம், ஆராய்ச்சியிலும் இவரைத் தாமதமாக வந்தவர்கள் வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்களாம். எடுக்கட்டும்.

நான் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கேட், அந்தக் கவுண்டர் எல்லாம் சேர்த்துக்கூட, டீ டம்ளர் விழுந்ததிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. ஷபானா சாட்சி. அப்படியென்றால் நான் நேரத்துக்குத்தானே போயிருக்கிறேன்? ஊசி போட்டிருக்கலாம்தானே? போட்டிருந்தால் நடந்திருப்பாரா? பேசியிருப்பாரா? நீ தினமும் பார்க்கிறவள். எனக்காக எதையும் மழுப்பாதே.

சரசா


கோயம்புத்தூர்
17 செப்டம்பர் 2024

அண்ணி,

ஆமாம். நேரத்துக்குத்தான் போயிருக்கிறீர்கள்.

மழுப்ப வேண்டாம் என்றீர்கள். ஊசி போட்ட எல்லோரும் எழுந்து நடப்பதில்லை. சிலருக்கு ஒன்றுமே ஆவதில்லை, சிலருக்கு ரத்தம் கசிந்து இன்னும் மோசமாகிவிடும். நன்றாகித் தன் காலில் வீட்டுக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அண்ணன் இதில் எந்தப் பக்கம் இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது, நீங்கள் அதை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். நான் என்னவெல்லாம் எழுதினேன்!

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். பெரியப்பா வீட்டுக்கு நேரில் போனேன். போனில் சொல்லியிருக்கலாம், சொல்லக்கூடாது என்று தோன்றியது. நடந்ததைச் சொன்னதும் பெரியம்மா, "அப்புறம் ஏண்டி அன்னிக்கு அத்தனை பேர் நடுவுல அப்படிச் சொன்னே?" என்று கேட்டார். பந்தியில் இருந்த மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனால் நர்ஸாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும், என் மேல் இருக்கிற கோபத்தில் இதைத் தள்ளிவிடாதீர்கள்.

அண்ணனுக்கு அடைத்தது இடது பக்கம், பேச்சு இருக்கிற பக்கம். இரண்டு மூன்று பாஷை தெரிந்தவர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரி போவதில்லை. சிலருக்கு ஒன்று போய் ஒன்று தங்கும். சிலருக்குச் சின்ன வயதில் பேசினது தங்கும். அன்றைக்கு ஸ்ட்ரெச்சரில் மராத்திக் கேள்விக்கு அவர் தமிழில் பதில் சொல்லியிருக்கிறார். பயிற்சியில் மராத்தியில் கேட்டு சைபர் போடுகிறார்கள். அவரிடம் யாராவது தமிழில் கேட்டார்களா, அண்ணி? அங்கே தமிழ் தெரிந்த பயிற்சியாளர் யாராவது கிடைப்பார்களா என்று அந்த தீப்தியையே தேடச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் முக்கியம். இங்கே அனுப்புங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சொல்லும் உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன்.

வனஜா


கோர்படி, புனே
24 செப்டம்பர் 2024

வனஜா,

உன் கடிதத்தைப் படித்ததும் சமையலறையிலிருந்து கரண்டியை எடுத்து வந்து அவர் எதிரில் நீட்டினேன். "இது என்னங்க?" என்றேன்.

நான் அவரோடு தமிழில்தான் பேசுகிறேன், வேறு எதில் பேசுவேன்? ஆனால் கேட்டதில்லை. "பசிக்குதா, பசிக்குது, இருங்க கொண்டுவரேன்" என்று கேள்வியும் நானே, பதிலும் நானே. மூன்று மாதம் அவர் வாயைத் திறக்க விட்டதே இல்லை. அன்றைக்குத்தான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். சொல்லிவிடலாமா, சொல்லிவிடலாமா என்று நாக்கு துடிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டேன். குக்கர் விசில் வந்தது, போய் அணைக்கவில்லை. அவர் உதடு கோணிற்று, நெற்றி வியர்த்தது. "க... க..." என்றார். பிறகு, "கரண்டி."

ஷபானா ஓடி வந்தாள் நான் போட்ட சத்தத்தில்.

அதற்கப்புறம் வீட்டில் இருக்கிற சாமானையெல்லாம் காட்டிவிட்டேன். தலையணை, உப்பு, சீப்பு வந்தன. கடிகாரம் வரவில்லை. என் பெயர் வரவில்லை. என் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், வரவில்லை. பரவாயில்லை என்றேன், எனக்குப் பரவாயில்லாமல் இல்லை.

தீப்தி நாலைந்து இடத்தில் விசாரித்துப் பார்த்தாள். ராணுவ ஆஸ்பத்திரியில் ஒருத்தர் இருந்தாராம், மாற்றலாகிப் போய்விட்டாராம். காவ்யா தமிழ் வார்த்தைகளை மராத்தி எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கப் பார்த்தாள். வாழைப்பழம் என்று அவள் சொன்னதைக் கேட்டு உன் அண்ணன் சிரித்துவிட்டார். ஆனால் அவருக்கு ஆறு மாதம்தான் முக்கியம் என்று நீ எழுதியிருக்கிறாய், அதில் பாதி போய்விட்டது.

அதனால் வருகிறோம். நீ அழைத்துக்கொண்டு போகவில்லை, நான் அழைத்துக்கொண்டு வருகிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் உனக்குப் புரியும். அடுத்த வெள்ளிக்கிழமை கன்னியாகுமரி வண்டி. உன் வீட்டில் தங்கமாட்டேன், எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறும்போது சொல்கிறேன். உங்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கீழ்த்தளத்தில் ஓர் அறை பார்த்து வை, மேற்கத்திய கக்கூஸ் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் என் சமையல் வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன், வீட்டுச் சாவி ஷபானாவிடம். இந்த வீட்டைப் பூட்டிவிட்டு எங்கேயும் போகமாட்டேன் என்றுதான் உன்னோடு இத்தனை சண்டை போட்டேன். நானேதான் பூட்டுகிறேன்.

ஸ்டேஷனுக்கு வா. பிளாட்பாரத்தில் உன்னைப் பார்த்ததும் அவர் ஏதோ சொல்ல ஆரம்பிப்பார். நேரமாகும். பின்னால் இருக்கிறவர்கள் தள்ளுவார்கள், போர்ட்டர் வழி விடச் சொல்லிக் கத்துவான், உனக்கு அழுகை வரும். என்ன வேண்டுமானாலும் வரட்டும், நீ வார்த்தை எடுத்துக் கொடுக்காதே. அவர் சொல்லி முடிக்கட்டும்.

சரசா